அனுசரணையுள்ள பிள்ளை

என் மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது, மாந்தோப்பில் பூச்சிமருந்து கலக்கி வைத்திருந்த நீல டிரம்முக்குள் கையை விட்டாள். "தொடாதே!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தாள். அழகாகச் சிரித்தாள். நனைந்த கையை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனாள். நான் ஓடிப்போய்ப் பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். போர் தண்ணீரில் அவள் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியபோது என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. எல்லாம் என் வீட்டுக்காரருக்கு. மனுசன் டிரம்மை மூடாமல் பீடி பற்றவைக்கப் போயிருந்தார்.

காதில் ஒரு குறையும் இல்லை என்று பாலக்காட்டு டாக்டர் சொல்லிவிட்டார். புத்தி வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், சொல்வதை விளங்கிக்கொள்ள நேரமாகும், பழக்கினால் பழகுவாள் என்றார். எங்கள் ஊர் முதலமடையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தோப்பு மருந்துதான் என்றாள் ஒருத்தி. மாசமாக இருந்தபோது கிரகணத்தைப் பார்த்திருப்பாய் என்றாள் அடுத்த வீட்டுக்காரி. "ஏனுங்கக்கா, உங்க ஊட்டுக்காரர் குடிச்சுப்போட்டு ரோட்டுல கெடக்கறாரே, அவுங்கம்மா எதைப் பாத்தாங்களாமா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் காரணம் பேசவில்லை.

அவளைச் சேர்த்திருந்த பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் ஒருநாள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு டீச்சர் வருவார். மலையாளத்துக்காரர், பொறுமைசாலி. "ஒரு வாக்கு மதி சேச்சி, வலிய வாசகம் வேண்டா" என்றார். ஒரு சொல் போதும், நீட்டி முழக்காதே என்கிறார். எனக்கு அதுதானே கஷ்டம்! "அந்த டம்ளரை இங்க வெச்சுப்போட்டு, கையக் கழுவிட்டு வந்து உக்காரு சாமி" என்று பேசிப் பழகிய வாய் இது. அதை "உக்காரு" என்று சுருக்கினேன். சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் உடனே கைதட்டி, ஒரு மாங்காய்த் துண்டு கொடுக்க வேண்டும். உட்காராவிட்டால் தோளைத் தொட்டு உட்காரவைத்து, அதற்கும் கைதட்ட வேண்டும். அந்த வருசம் பூராவும் அவளைவிட நான்தான் அதிகம் உட்கார்ந்து எழுந்தேன். சில நாள் முதுகில் ஒன்று வைத்துவிடலாமா என்று கைகூட ஓங்கும். அடக்கிக்கொள்வேன்.

ஒருநாள் "உக்காரு" என்றேன், உட்கார்ந்தாள். அவ்வளவுதான். நான் கைதட்ட மறந்துபோய் அழுதேன். அப்புறம் "வா" வந்தது, "நில்லு" வந்தது, "எடு", "குடு" எல்லாம் வந்தன. கடைசியில், எனக்கு எது வேண்டுமோ அந்தத் "தொடாதே"யும் வந்தது. அன்றைக்கு ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் என் குரலுக்கு மட்டும்தான் கேட்பாள். அப்பா கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பாள். டீச்சரிடம் சொன்னேன். "ஆரு பறஞ்ஞாலும் கேக்கணம்" என்றார். யார் சொன்னாலும் கேட்க வேண்டுமாம். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது ஒருவர் 'நில்' என்று கத்தினால் அவள் நிற்க வேண்டாமா என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது.

நான் வேலை பார்க்கும் மாங்காய் ஷெட்டுக்கு அவளைக் கூட்டிப்போனேன். காய் பிரிக்கும் பெண்கள், பெட்டி கட்டுகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். போகிறபோது வருகிறபோது ஆளுக்கொரு தடவை, "கண்ணு, வா", "கண்ணு, இதப் புடி" என்றும், மலையாளத்தில் "மோளே, இரி", அதாவது உட்கார் என்றும் சொன்னார்கள். சொன்னபடி செய்தால் கைதட்டிக் கிளிமூக்கு மாங்காயில் ஒரு கீற்று. மாம்பழக் காலம் முடிவதற்குள் தமிழோ மலையாளமோ, ஆணோ பெண்ணோ, யார் சொன்னாலும் கேட்டாள். பள்ளியில் எல்லாப் பெற்றோரும் உட்கார்ந்திருக்கும்போது டீச்சர் எழுந்து, "நல்ல அனுசரணையுள்ள குட்டியாணு" என்று இவளைப் பாராட்டினார். நம் தமிழில் அனுசரணை என்றால் அடுத்தவர் மனசறிந்து நடந்துகொள்வது. மலையாளத்தில் அது சொன்னபடி கேட்பது. எனக்கு இரண்டும் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு இரண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொண்டு பெருமைப்பட்டேன். ஷெட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வருசம் ஒரு கறவை மாடு பார்க்க வேலந்தாவளம் சந்தைக்குப் போனோம். வீட்டுக்காரர் மாடுகளுக்குள் புகுந்துவிட்டார். மகளை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் டீ வாங்கத் திரும்பினேன். பக்கத்தில் மாட்டுத் தரகர்கள் சிலர் நின்றிருந்தார்கள். ஒருவர் சும்மா பேச்சுக் கொடுத்திருக்கிறார். "பாப்பா, எந்திரி." எழுந்தாள். "உக்காரு." உட்கார்ந்தாள். இன்னொரு தடவை எழச் சொன்னார், எழுந்தாள். நான் டம்ளரோடு திரும்பியபோது, "வாயத் தொற" என்றார். திறந்தாள். மாட்டுக்கு வயசு பார்ப்பதுபோலக் குனிந்து பல்லைப் பார்த்தார். "இன்னும் பல்லுப் போடலீங்க. ஆனா நல்லாப் பழக்குன உருப்படி!" என்றார். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாங்காய்த் துண்டுக்குக் கையை நீட்டினாள்.

டீயை அந்த ஆள் காலடியில் வீசினேன். "நாசமாப் போறவனே, உம்பட புள்ளைகிட்டப் போயிப் பல்லப் பாருடா!"

அவர் பயந்துதான் போனார். "ஏனுங்கம்மிணி, வெளையாட்டுக்குத்தானுங்க. நான் என்ன அடிச்சனா, புடிச்சனா? சொன்னேன், கேட்டுது. அவ்வளவுதானுங்க."

மாடு வாங்காமலே திரும்பினோம். வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில் கேட்டது. சொன்னேன், கேட்டது. இவர் விளையாடினார், விட்டுவிட்டார். இவள் பெண்பிள்ளை. பத்து வயதாகும், பதினைந்தாகும். நான் இல்லாத இடத்தில் இன்னொருவன் 'வா' என்பான். அங்கே என்னென்ன சொல்வான்? எது சொன்னாலும் செய்வாள், செய்துவிட்டுக் கையை நீட்டுவாள். அதற்கு மேல் நினைக்க முடியாமல், ஓடுகிற பஸ்ஸில் அவள் தலையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

டீச்சரிடம் போய், இவளுக்கு 'மாட்டேன்' என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள் என்றேன். "அது படிப்பிக்கானாணு பாடு, சேச்சி" என்றார். அதைக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டமாம். இருந்தாலும் வழி சொன்னார். தெரியாத ஆள் மாதிரி ஒருவர் வந்து 'வா' என்று கூப்பிட வேண்டும். பிள்ளை 'மாட்டேன்' சொன்னால் கைதட்ட வேண்டும். வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வாசலில் நின்று கூப்பிட்டார். என் கொழுந்தன் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கூப்பிட்டான். கெட்ட கூத்துதான், ஆனால் பிடித்துக்கொண்டாள். "வா" என்றதும் "மாட்டேன்!" என்று கணீரென்று சொல்வாள். கைதட்டுவோம். எனக்கு உயிர் வந்தது.

நிஜமான வெளியாளிடம் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. ஷெட்டுக்கு அட்டைப்பெட்டி கொண்டுவந்த புது டெம்போக்காரரிடம் கேட்டேன். வயதான மனிதர். "எனக்கெதுக்குங்கம்மிணி இந்த வம்பு?" என்று பின்வாங்கினார். கெஞ்சிக் கேட்டபிறகு, தயங்கித் தயங்கி அவள் முன்னால் போய் நின்றார்.

"கண்ணு, வா. போலாம்."

"மாட்டேன்!" என்றாள். அத்தனை தெளிவாக அவள் ஒரு சொல்லையும் சொன்னதில்லை. ஷெட்டே கைதட்டியது. நானும் தட்டினேன்.

அவள் எழுந்தாள். அவர் கைக்குள் தன் கையை வைத்தாள். அவரோடு நடந்தாள். "மாட்டேன்... மாட்டேன்..." என்று பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

கைதட்டல் நின்றுபோயிற்று. வாசல்வரை போய் அந்த மனிதர் நின்றுவிட்டார். கையை உருவப் பார்த்தார், அவள் விடவில்லை. என்ன செய்வதென்று என்னைப் பார்த்தார். நான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் குனிந்து, "போ கண்ணு. அம்மாகிட்டப் போ" என்றார்.

உடனே கையை விட்டுவிட்டு ஓடிவந்து என் மடியில் விழுந்தாள். ஷெட்டில் இருந்தவர்கள், "பாத்தியா, அம்மாவத் தேடி வந்துட்டா" என்று என்னைத் தேற்றினார்கள். தேடி எங்கே வந்தாள்? அந்த ஆள் போகச் சொன்னார், வந்தாள்.