விரல்கள் படித்த வினாத்தாள்

செவ்வாய்க்கிழமை அதிகாலை ஐந்தரைக்குப் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. தனலெட்சுமி அக்கா போய்விட்டார். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடித்ததும் என் மனம் போய் நின்றது, போன மாசியில் அவர் தன் மடிக்கணினியைப் புதிதாக்கிய ஞாயிற்றுக்கிழமையில்.

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அக்கா சாதாரண தரப் பரீட்சைக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தார். மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் அவரே அடித்தவை. கணினியோ திறக்கவே கால்மணி நேரம் எடுக்கும். தூக்கிப் போடுங்கள் என்றார்கள் டவுன் கடையில். அக்கா கேட்கவில்லை. விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் பற்றிப் போனில் பார்த்தார். தாள்களைப் பென்ட்ரைவில் எடுத்துவைத்துவிட்டு, பழைய விண்டோஸை அழித்துத் தானே அதை ஏற்றினார்.

திரை சட்டென்று திறந்தபோது என் கையைப் பிடித்து உலுக்கினார். "பாத்தியா விதுஷா, தேத்தண்ணி ஊத்துறதுக்குள்ள வந்துருச்சு."

பிறகு ஒரு தாளைத் திறந்தார். தமிழே இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள். எல்லாத் தாளும் அப்படித்தான். பரீட்சை நெருங்கிவிட்டது, மறுநாள் வகுப்பு. இத்தனை வருச உழைப்பும் போச்சா என்று கேட்டுவிட்டேன்.

அக்கா திரையைப் பார்த்தபடி மேசையில் விரல்களைத் தட்டினார். திடீரென்று சிரித்தார்.

"எம், கே, பி, வை, கே, அரைப்புள்ளி. அமிலம்! நான் அடிச்சதுதான்டி. வெரலுக்குத் தெரியுது."

அடித்தது எதுவும் அழியவில்லை. அவற்றுக்குத் தமிழ் உருவம் தரும் பாமினி எழுத்துருதான் புதிதாக்கிய கணினியில் இல்லை. அக்கா டவுனுக்கு ஓடி, கடைக் கணினியிலிருந்து அதைப் பென்ட்ரைவில் கொண்டுவந்தார். போட்டதும் தமிழ் வந்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டு வீரய்யா மாமா எட்டிப் பார்த்து, "முன்னயும் இப்படித்தானே இருந்துச்சு?" என்றார். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அக்கா.

மறுநாள் வகுப்புக்குத் தாள் போனது. இனி பிள்ளைகள் போனிலும் வாசிக்கட்டும் என்று, எல்லாவற்றையும் தனி எழுத்துரு தேவைப்படாத யுனிகோட்டுக்கு மாற்றத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

'அமிலங்களும் மூலங்களும்' தாளின் கடைசிப் பக்கம் இன்னும் பாமினியில் இருக்கிறது.