இரகசியப் பக்கத்தைக் கேட்ட கடிதம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். நூலகக் கணினியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது எங்கள் மின்னஞ்சல் குழுவில் ஒரு தலைப்பு: "இரகசியப் பக்கம் எது?" அதன் கீழே மூன்று பதில்கள் ஏற்கனவே வந்திருந்தன.

கேள்வி இரண்டு வரிதான். "வணக்கம். மாத்தளை மாவட்டப் பாடசாலை நூலகங்களில் நீங்கள் பயன்படுத்தும் இரகசியப் பக்கம் எது என்று அறியத் தாருங்கள். எண் மட்டும் போதும்." கீழே பெயர் இல்லை. பாடசாலையும் இல்லை. மின்னஞ்சல் முகவரி ஒரு பூவின் பெயரும் நான்கு இலக்கங்களுமாக இருந்தது.

பதில் போட்டவர்களில் ஒருவர் 21 என்றார். இன்னொருவர் 33. மூன்றாமவர், "எங்களது 17. முன்பு 50ஆக இருந்தது. பழைய புத்தகங்களில் இரண்டையும் பார்க்கவும்" என்று, கேட்காததையும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

நூலகத்துக்கு ஒரு புத்தகம் வந்தால் முதல் தாளிலும் கடைசித் தாளிலும் பாடசாலையின் முத்திரையைக் குத்துவோம். திருடுகிறவன் முதலில் கிழிப்பது அந்த இரண்டையும்தான். அதனால் புத்தகத்தின் நடுவே ஒரு பக்கத்தில் இன்னொரு முறை குத்தி வைப்போம். எல்லாப் புத்தகங்களிலும் ஒரே எண்ணுள்ள பக்கம். காணாமல் போன புத்தகம் எங்காவது அகப்பட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பி, இது எங்களுடையது என்று காட்டலாம். அந்த எண் நூலகத்தின் கதவைத் தாண்டக் கூடாது. அதைத்தான் ஒருவர் மாவட்டம் முழுவதிடமும் கேட்டிருந்தார். மூன்று பேர் காலைத் தேநீருக்கு முன்னர் சொல்லியும் விட்டார்கள்.

எங்கள் குழுவில் அறுபத்து நான்கு பேர். தமிழ்மொழிப் பாடசாலைகளின் நூலகர்களும், நூலகத்தைப் பொறுப்பெடுத்த ஆசிரியர்களும். ஒருவர் குழு முகவரிக்கு எழுதினால் அது எல்லோருக்கும் போகும். வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்துப் பார்த்தோம். காலை வணக்கப் பூக்களுக்கும் பெருநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே ஒரு புத்தகத்தின் வகுப்பெண்ணைத் தேடி எடுக்க முடியவில்லை. மின்னஞ்சலில் பழைய கடிதங்கள் அழிவதில்லை. நேற்றுச் சேர்ந்தவரும் முதல் நாள் கடிதத்திலிருந்து படிக்கலாம். அதைப் பெரிய வசதி என்று நானே பலமுறை குழுவில் எழுதியிருக்கிறேன்.

நான் நூலகத்துக்கு வந்தது பிந்தித்தான். அதற்கு முன் கொழும்பில் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்தும் மேசையில் இருந்தேன். அங்கே கற்றது ஒன்று: பெயர் போடாமல் வருகிற கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அதனால் யாருக்கு இலாபம் என்பதை.

அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகப்பட வேறு காரணமும் இருந்தது. சித்திரை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது எங்கள், இரவல் கொடுக்காத உசாத்துணை நூல்களின் அலுமாரியில் பதினொரு புத்தகங்கள் இல்லை. எல்லாம் படங்களுடன் கூடிய தடித்த விஞ்ஞானக் கலைக்களஞ்சியங்கள். பூட்டு உடைக்கப்படவில்லை. கறையானுக்கு மருந்து அடிக்க ஆட்கள் வருவார்கள் என்பதால் விடுமுறையில் நூலகச் சாவி உதவியாளரிடம் இருந்தது. ஆட்கள் வரவில்லை. இன்னொரு சாவி அலுவலகக் கொத்தில் தொங்கியது. அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை.

உதவியாளர் முப்பது வயதைத் தாண்டாத பெண். தற்காலிக நியமனத்தில் மூன்று வருடங்களாக வேலை செய்தார். நிரந்தர நியமனத்துக்கான பெயர்ப் பட்டியல் வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்தது. புத்தகங்கள் பற்றிய விசாரணை முடியும்வரை அவருடைய பெயரை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாரணை அந்த வெள்ளிக்கிழமை. குற்றம் அவர் மேல் விழுந்தால் இருக்கிற வேலையும் போகும்.

விசாரணைக்கு நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மூன்று வாக்கியம். சாவி அவரிடம் இருந்தது. பூட்டு உடைக்கப்படவில்லை. கேட்டபோது அவரிடம் விளக்கம் இருக்கவில்லை. மூன்றும் உண்மை. யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஒருவரைக் குற்றம் சாட்டாமல் குற்றவாளியாக்குவது எப்படி என்பது செய்தி மேசையில் இருந்தவனுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமையான அன்று, ஏழு இருபதுக்கு நான் குழுவுக்கு எழுதினேன். "யாரும் எண்ணைச் சொல்ல வேண்டாம். கேட்பவர் யார், எந்தப் பாடசாலை என்று முதலில் சொல்லட்டும்." பிறகு குழுவை நடத்தும் டீச்சருக்கு அழைத்தேன். அவர் மாத்தளை நகரத்திலேயே ஒரு முஸ்லிம் பெண்கள் பாடசாலையின் நூலகர். குழுவில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பது அவர் கையில்.

"என்ன சேர், விடியவே கோல் எடுக்கிறீங்க? யாரும் மௌத்தாப் போயிட்டாங்களா?"

"இல்ல டீச்சர். அந்தக் கடிதத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். புதுசா சேர்ந்த ஒரு மிஸ். போன கிழமதான் எடுத்தேன்."

"எந்தப் பாடசாலை?"

"பொறவு சொல்றேன்னு எழுதியிருந்தாங்க."

"நீங்க கேக்கல்லையா?"

"அல்லாஹ்வே, நூலகத்துக்கு ஆள் வாறதே பெரிய விசயம். வாசல்ல நின்டு அடையாள அட்டையா கேக்கச் சொல்றீங்க? ஒங்களுக்கு அந்தப் பேப்பர் புத்தி கபுருக்குப் போற வரைக்கும் போகாது."

ஆனாலும் ஏழு முப்பத்தைந்துக்குள் அந்த முகவரியை நீக்கிவிட்டார்.

அதன் பிறகு குழுவில் நடந்தது தனிக் கூத்து. 33 என்று சொன்னவர், போட்ட கடிதத்தை அழிக்க வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. 17க்காரர் மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதினார். 21 என்று சொன்னவர், தான் உடனடியாக இருபத்தொன்றை இருபத்திரண்டாக மாற்றிவிட்டதாக அறிவித்தார். இரண்டும் ஒரே தாளின் இரு பக்கங்கள். அறிவித்ததும் குழுவுக்கே.

உதவியாளர் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"சேர், நம்ம நம்பரச் சொல்லிப் பாத்தா என்ன?"

"ஏன்?"

"திருடினவனுக்கு நம்பர் எதுக்கு? எல்லாத் தாளையும் திருப்பிப் பாத்து சீல் இருக்கிறதக் கிழிச்சிட்டுப் போவான். நம்பர் தேவைப்படுறது புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டு யாருதுன்னு தேடுறவங்களுக்குத்தானே."

சரியான வாதம். அதைச் சரியான வாதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. விசாரணை முன்னால் நிற்கும்போது நம்பரை வெளியே சொல்லச் சொல்கிறாரே, ஏன் என்றுதான் நினைத்தேன்.

"பாப்பம் தங்கச்சி," என்றேன்.

"நீங்க பாக்க மாட்டீங்க சேர்," என்று சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

வியாழக்கிழமை இடைவேளை மணி அடித்த பிறகு குழுவை நடத்தும் டீச்சர் அழைத்தார். குரலில் கேலி இல்லை.

"சேர், நாம நீக்கின அந்த மிஸ் எனக்குத் தனியா எழுதியிருக்காங்க. தம்புள்ளைக்குப் போற வழியில ஒரு சின்னப் பாடசாலை. அங்க போன மாசம் ஒரு பெட்டி புத்தகம் அன்பளிப்பா வந்திருக்கு. ஊர்ப் பெரிய மனுசர் ஒராள் குடுத்தது. மாலை போட்டு, படம் எடுத்து, அதிபர் பேசி, எல்லாம் நடந்திருக்கு. பொறவு மிஸ் பதிய எடுத்துப் பாத்தா முதல் தாளும் இல்ல, கடைசித் தாளும் இல்ல."

"அதுக்கு எண் எதுக்கு?"

"நடுவுல ஒரு தாளும் இல்ல. எல்லாப் புத்தகத்துலயும் ஒரே தாள். பிளேடால வெட்டியிருக்கு. அதிபர் மாலை போட்ட புத்தகத்தக் களவுப் பொருள்னு அவங்க எப்பிடி வெளிய சொல்ற? அதுதான் பேரில்லாமக் கேட்டிருக்காங்க. எந்தப் பாடசாலை அந்த எண்ணச் சொல்லுதோ அங்க கமுக்கமாக் குடுத்துடலாம்னு."

"எத்தன புத்தகம்?"

"பதினொன்னு. ஒங்கட நம்பர் என்ன சேர்?"

சொல்லத் தயங்கினேன். அந்த நிலையிலும் தயங்கினேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

"நாற்பத்து மூன்று."

"வெட்டியிருக்கிறதும் அதுதான்," என்றார் டீச்சர். "செவ்வாக்கிழமையே நீங்க சொல்லியிருந்தா செவ்வாக்கிழமையே முடிஞ்சிருக்கும்."

முடிந்திருக்காது என்றுதான் எனக்குப் பட்டது. நாற்பத்து மூன்றாம் பக்கமுள்ள தாளை ஒருவன் தேடி வெட்டியிருக்கிறான் என்றால் அவனுக்கு எண் தெரிந்திருக்கிறது. தேடிக் கண்டுபிடித்திருக்கவும் கூடும். ஒரு புத்தகத்தில் கண்டால் மற்றவற்றிலும் அதுதான், ஆனால் விசாரணையில் யாரும் அப்படி யோசிக்க மாட்டார்கள். எண் தெரிந்தவர்கள் எங்கள் பாடசாலையில் மூன்று பேர்: அதிபர், நான், உதவியாளர். புத்தகங்கள் அகப்பட்ட செய்தி அவரைக் காப்பாற்றவில்லை, இன்னும் இறுக்கியது.

பாடசாலை விட்ட பிறகு வாக்குமூலத்தைத் திரையில் எடுத்து நான்காவது வாக்கியத்தைத் தட்டினேன். "இரகசியப் பக்கத்தின் எண் மூவருக்கு மட்டுமே தெரியும்." செய்தியில் எண் வந்தால் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பழைய பழக்கம். மூவர் என்பதை எங்கே சரிபார்ப்பது? வேறு வழி தோன்றாமல் குழுவின் பழைய கடிதங்களைத் திறந்து, தேடும் கட்டத்தில் 43 என்று போட்டேன்.

ஏழு கடிதங்கள் வந்தன. ஆறில் அது ஏதோ விலையோ வகுப்பெண்ணோ. ஏழாவது இரண்டு வருடங்களுக்கு முந்தியது. புதிதாக நூலகப் பொறுப்பெடுத்த ஓர் ஆசிரியர் இரகசியப் பக்கம் என்றால் என்ன என்று கேட்டிருந்தார். அதற்கு ஒருவர் ஒழுங்கான மூன்று பந்திகளில் விளக்கம் எழுதியிருந்தார். மிகச் சிறிய எண்ணாகவும் இருக்கக் கூடாது, நூறைத் தாண்டவும் கூடாது, மெல்லிய புத்தகங்களுக்கும் பொருந்த வேண்டும். "உதாரணமாக, எங்கள் பாடசாலையில் 43." பதினைந்து பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

எழுதியவன் நான்.

நான்காவது வாக்கியத்தை அழித்தேன். கடிதத்தை அச்செடுத்து மடித்துக் கோப்பில் வைத்தேன். காட்டுவதா இல்லையா என்று அப்போது முடிவு செய்யவில்லை.

விசாரணை வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிபரின் அறையில் நடந்தது. வலயத்திலிருந்து வந்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பவர். உதவியாளர் கதவோரம் கதிரை நுனியில் இருந்தார். புத்தகங்கள் அகப்பட்டதை நான் சொன்னேன். தாள் வெட்டியிருந்ததையும் சொன்னேன்.

"அப்ப நம்பர் தெரிஞ்ச ஆள்தான்," என்றார் அதிகாரி. "யாருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு," என்றார் அதிபர், கதவுப் பக்கம் பார்த்தபடி.

உதவியாளர் என்னைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

கோப்பிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். அதிகாரி அதைச் சத்தமாகவே வாசித்தார். உதாரணமாக என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது எத்தன பேருக்குப் போகுது?"

"அறுபத்து நாலு."

"நல்ல இரகசியம் சேர்," என்றார். "பேப்பர்ல போட்டிருந்தாக்கூட இதவிடக் கொறஞ்ச பேருக்குத்தான் தெரிஞ்சிருக்கும்."

அதிபர் என் பக்கம் சாய்ந்து, "இத நீங்க காட்டாம இருந்திருக்கலாம்," என்றார். அறையில் எல்லோருக்கும் கேட்டது.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "அப்ப இந்தப் பிள்ளையில சந்தேகம்னு எழுதினது யார்?" என்று கேட்டு, என்னுடைய மூன்று வாக்கியங்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். கீழே இருந்த கையொப்பத்தையும் பதவியையும் வாசித்தார். அதுவரை அவற்றை எழுதியவர் அதிபர் என்று உதவியாளர் நினைத்திருந்தார். அன்று மாலை அலுமாரிகளைப் பூட்டும்போது அவரே அதை என்னிடம் சொன்னார். "அதிபர் சேர்னுதான் நெனச்சேன்," என்றார்.

புத்தகங்கள் "தவறுதலாக நன்கொடையில் சேர்ந்தவை" என்ற குறிப்போடு திரும்பி வந்தன. கொடுத்த பெரிய மனிதருக்கு அவற்றை வாங்கிய இடம் ஞாபகமில்லையாம். விசாரணை அதோடு நின்றது. நீக்கப்பட்ட மிஸ்ஸைத் திரும்பச் சேர்க்க டீச்சர் அழைப்பு அனுப்பினார், அவர் வரவில்லை. குழு நடக்கிறது. கடிதம் வந்தால் முதலில் அனுப்பியவரின் முகவரியைப் பார்க்கிறேன், பிறகு நேரத்தை, பிறகுதான் விசயத்தை. அந்த எண்ணை என்னிடமிருந்தே படித்துக்கொண்டவர் யார் என்று இன்றுவரை தெரியாது. நன்றி சொன்ன பதினைந்து பேரின் பெயர்களையும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

உதவியாளரின் நிரந்தர நியமனக் கடிதம் இரண்டு மாதங்களில் வந்தது. அடுத்த வாரமே இடமாற்ற விண்ணப்பம் ஒன்று என் சிபாரிசுக்காக மேசையில் இருந்தது. கேட்டிருந்த பாடசாலை மாவட்டத்தின் மறுகோடியில், வில்கமுவவில். காரணம் என்ற இடத்தில் "போக்குவரத்து வசதி" என்று எழுதியிருந்தார். அவருடைய வீடு எங்கள் பாடசாலையின் பின்மதிலுக்கு அடுத்த ஒழுங்கையில்.