கம்பவுண்டர் பெயரில் ஒரு புத்தகம்

ஜோகுபாளையத்தில் ஓர் அச்சகத்தின் பின்னறைக் கதவில் மைதாப் பசையால் ஒட்டிய கோடுபோட்ட தாள்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சுதந்திரம் வந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. கன்னடச் சீமைக்குப் பிழைக்க வந்து, மில்லிலும் ஆஸ்பத்திரியிலும் வேலைபார்த்த பத்துப் பன்னிரண்டு தமிழர்கள் ஞாயிறுதோறும் அங்கே கூடிப் படித்தோம். அடுத்து எதைப் படிக்கலாம் என்று ஆளுக்கு ஒரு புத்தகம்தான் சொல்லலாம்; சொன்னவர் பெயரும் பக்கத்தில் இருக்க வேண்டும். புத்தகம் கழுத்தை அறுத்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமல்லவா? பட்டியல் எழுதுவது என் வேலை. கையெழுத்து அழகு என்ற கர்வம் வேறு.

என் பங்குக்கு ஒரு பயண நூலை எழுதிவிட்டேன். ஆனால் மலாயா ரப்பர் தோட்டத்து வேலைநிறுத்தத்தைப் பற்றிய நாவல் ஒன்றும் கைக்கு வந்திருந்தது. முன்னுரையைப் புரட்டியதோடு சரி. அதையும் விட மனமில்லை. எங்கள் கூட்டத்தில் இருந்த அரசாங்க ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம், அவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். துப்பறியும் கதை தவிர வேறெதையும் தொடாத மனிதர். "எழுதிக்கோப்பா. அத படிக்கறப்ப நான் எப்டியும் தூங்கத்தான் போறேன்" என்று சிரித்தார்.

அந்த வாரம்தான் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். அவர் எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. கொடுத்த டீயையும் தொடவில்லை. தாளின் முன் நின்று வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். நாவலின் பெயரில் விரல் நின்றது. கம்யூனிஸ்ட் வாடை அடித்தாலே போலீஸ் மப்டியில் வந்து மோப்பம் பிடித்த காலம் அது. "இத சொன்னவரு யாரு சார்?" நான் வாயைத் திறந்திருக்கலாம், நேரம் இருந்தது. கம்பவுண்டர் கையைத் தூக்கிவிட்டார். "நாந்தான் சார். பேருதான் பக்கத்துலயே இருக்குதே."

அடுத்த ஞாயிறு கதவில் தாள் இல்லை. வெள்ளைச் சட்டைக்காரரும் வரவில்லை. இரண்டு வாரத்தில் கம்பவுண்டரை மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார். புத்தகத்தைக் கொடுத்தது யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். "நானேதான் சொன்னேன்" என்று சாதித்தாராம். வேலை போயிற்று. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒருநாள் ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம், திரும்பிவிட்டேன். அது வெறும் சாக்கு, நான் கோழை என்று இன்று எழுதக் கை கூசவில்லை.

இப்போது வாசகர் கூட்டங்களில் புத்தகம் சொல்லச் சொன்னால் ஏதாவது சொல்லி நழுவிவிடுகிறேன். அவர் வேலை போய்ச் சில வருஷம் கழித்து லிங்கராஜபுரத்து மருந்துக்கடை ஒன்றில் அவரைப் பார்த்தேன். பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். "வாப்பா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். கோபமே இல்லை. "ஆமா, அந்த ரப்பர் தோட்டத்துப் புக்கு நல்லா இருந்துதா?" என்று கேட்டார்.

தாள் காணாமல்போன அன்றே அந்த நாவலைப் படிக்காமலே வெந்நீர் அடுப்பில் போட்டிருந்தேன்.

"நல்லா இருந்துதுண்ணா" என்றேன்.