சிவப்புத் துணி கட்டிய சுரைக்காய்

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது விடுதலை, வந்த ஆண்டில் நான் பெரிய பகுத்தறிவுவாதி. பகலெல்லாம் முனிசிபலில் லோங்காங்கில், சாக்கடையில், சேறு வாருவேன். மாலையில் அக்கம்பக்கத்தாரின் மூடநம்பிக்கைகளை வாருவேன். இரண்டும் ஓய்ந்த பாடில்லை.

காஜா பேராங்கில் எங்கள் வீட்டுப் பின்புறம் தாழ்வான மண். கடல் பெருகும் நாட்களில் வாய்க்கால் வழியாக உப்புத் தண்ணீர் ஏறிவிடும். மற்றவர்கள் நட்ட கொடிகள் கருகும். என் மனைவி போட்ட சுரை மட்டும் தலை நிமிர்ந்து நிற்கும். எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. காய்த்தது, தின்றேன்.

அவள் பிரசவத்துக்குச் செமாபோக்கில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, பகுத்தறிவுச் சங்கத்து நண்பர்கள் சாப்பிட வந்தார்கள். ஓய்ந்துபோன கொடியில் ஒரே ஒரு காய், அதன் காம்பில் சிவப்புத் துணி.

"என்னாய்யா, ஒன் வீட்லயே திருஷ்டித் துணியா?" என்றார் ஒருவர்.

மானம் போயிற்று. துணியைப் பிய்த்து எறிந்தேன். காயை அறுத்துக் கூட்டு வைத்தோம். உள்ளே விதை இன்னும் முற்றவில்லை. வழித்துக் கோழிக்குப் போட்டேன்.

கைப்பிள்ளையோடு திரும்பியவள் பந்தலைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அது வெதக்காய்ங்க. யாரும் பறிச்சிடக் கூடாதுன்னுதான் துணி கட்டுனேன். உப்புத் தண்ணியத் தாங்குன கொடியாப் பாத்து, வருசா வருசம் ஒரு காய விட்டு வெச்சுக் கொண்டாந்த வெத."

"வேற வெத இல்லையா?"

"இருந்தா ஏன் ஒக்காந்திருக்கேன்?"

திட்டியிருந்தால் தேவலை. திட்டக்கூடத் தெம்பில்லாமல் பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்து போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

கடையில் விதை வாங்கிப் போட்டேன். உப்பு ஏறியதும் இலை பழுத்தது. வேலைவிட்டு வந்து, தெருக்குழாயிலிருந்து வாளி வாளியாக நல்ல தண்ணீர் சுமந்து வேரடி உப்பைக் கழுவினேன். பகலில் சேறு, மாலையில் வாளி. தோள் இற்றுப்போயிற்று. ஒரு விதை இத்தனை காலம் சத்தமில்லாமல் செய்துவந்த வேலை அது.

தப்பிய ஒரே கொடியில் ஒரு காய் நின்றது. இந்த முறை துணியை நானே கட்டினேன்.

நண்பர்கள் மறுபடி வந்தார்கள். பந்தலைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நீயுமாய்யா?"

உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். அப்போதுதான் கடைசி வாளியை இறக்கி வைத்திருந்தேன்.

"ஆமா, திருஷ்டிதான். தொடாதீங்க" என்றேன்.