சாக்ஸ் போட்ட பாட்டில்கள்

என் சித்தி பஸ் ஓட்டுகிறாள். பஸ்ஸுக்கு பிரேக் உண்டு, அவள் வாய்க்குக் கிடையாது. சித்தப்பா நேர் எதிர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர்; வாயைத் திறக்கவே கூலி கேட்பார் போலிருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடுவோம். அவர்கள் இருவர், மேல்வீட்டுப் பல் டாக்டர், கீழ்வீட்டில் இருக்கும் நான். ஆளுக்கொரு ஒயின் பாட்டில் கொண்டுவர வேண்டும். விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டக் கூடாது. லேபிளைக் காட்டி யாரும் பந்தா பண்ணக் கூடாது என்பதற்காக, அவரவர் சாக்ஸ் ஒன்றைப் பாட்டிலுக்கு மாட்டிவிட வேண்டும். துவைத்த சாக்ஸ். எல்லாம் சித்தி போட்ட சட்டம்.

தீர்ப்பும் அவளுடையதுதான். முகர்ந்து, ஒரு வாய் குடித்து, ஒயினுக்குப் பேர் வைப்பாள். துணி மடிக்கிற ஒயின் என்றால் லேசான வெள்ளை. கை ஓடிக்கொண்டே இருக்கும். பாத்திரம் கழுவுகிற ஒயின் கொஞ்சம் இனிப்பானது, பாதியில் விட்டுவிட்டுப் போனாலும் கோபித்துக்கொள்ளாது. முட்டை பொரிக்கிற ஒயின் காரசாரமான சிவப்பு. இவளைவிடப் பொருத்தமாகப் பேர் வைக்க யாராலும் முடியாது என்பது என் கட்சி. சித்தப்பாவின் தீர்ப்பு எல்லா ஒயினுக்கும் ஒன்றே: நல்லாருக்கு.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது சித்தியின் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கண்டுபிடித்தது நான்தான். இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் அவள் யூனிஃபார்ம் சட்டை தீய்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் நின்று என்னிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி. வாரம் பூரா ஜனங்க என் முதுகைத்தான் பாக்குறாங்க. சனிக்கிழமை ஒரு நாள்தான் மூஞ்சியப் பாத்து, நான் சொல்றதக் கேக்குறாங்க. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா, பாவம் பாத்து தலையாட்டுவாங்க. அதுக்கு நான் கடையக் கட்டிடலாம்."

சொல்லும்போது அவள் குரல் கம்மியது. ஆனால் அடுத்த நிமிஷமே பீற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நாளில் கெட்டுப்போன பாலைக்கூட ஒருதரமும் குடித்ததில்லையாம், அவ்வளவு உஷாராம்.

சனிக்கிழமைக்கும் ஒரு வழி வைத்திருந்தாள். விருந்தாளிகள்தான் முதலில் குடிக்க வேண்டும் என்று புதுச் சட்டம். எங்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அவ்வளவு தெளிவாக முகத்தில் எழுதி ஒட்டியிருந்தோம் போல.

அப்படி ஒரு சனிக்கிழமை பல் டாக்டர் கறுப்பு சாக்ஸ் போட்ட பாட்டிலோடு வந்தார். புதுக் கடையில் தேடிப் பிடித்ததாம். சித்திதான் முதலில் குடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவளும் வேறு வழியில்லாமல் குடித்தாள். அருமை, வீடு கூட்டி முடித்ததும் குடிக்கிற ஒயின் என்றாள்.

நான் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். நனைந்த சாக்குக்குள் தலையை விட்டமாதிரி இருந்தது. எங்கள் மேசையில் எது நாறினாலும் சந்தேகம் முதலில் சாக்ஸ் மேல்தான் போகும். சித்தியைக் காப்பாற்ற நானும் அதையே பிடித்துக்கொண்டு, துவைத்தீர்களா டாக்டர் என்று கேட்டுவைத்தேன். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாக்ஸை உருவி ஒவ்வொருவர் மூக்கின் கீழும் நீட்டினார். சோப்பு வாசனை கமகமவென்று அடித்தது. கெட்டது ஒயின்தான், கார்க்கில் பூஞ்சை பிடித்திருந்தது.

"நீங்க அருமைன்னு சொன்னீங்களே?" என்று டாக்டர் சித்தியிடம் மெதுவாகக் கேட்டார்.

சித்தி கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது சித்தப்பா அவள் கையிலிருந்து ஒரு கிளாஸை வாங்கினார். தன் சாம்பல் நிற சாக்ஸ் போட்ட பாட்டிலிலிருந்து ஊற்றி, முகர்ந்தார். மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டைப் பார்ப்பதுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"இது வந்து... எலுமிச்சம் தோல நகத்தால கீறினா ஒரு வாசன வருமே, அது. நீ வேல முடிஞ்சு வந்து, ஷூவக் கழட்டிட்டுக் கால நீட்டி உக்காருவியே, அந்த நேரத்து ஒயின்."

சித்தி அவரையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"காய்ச்சல் விட்டதுலேர்ந்து. கெட்டுப்போன பால யார் கொட்டுறாங்கன்னு நெனச்ச?"

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளாஸை வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். புளிப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் அந்த நேரத்துக்குச் சரிதான் என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு என் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதையும் சொல்லுங்க."