நான் பல்லால் கேட்டேன்!

போன வாரம் வியாழக்கிழமை நான் பல்லால் கேட்டேன். சிரிக்காதீர்கள்... சத்தியமான வார்த்தை.

பக்கத்து வீட்டு கஸ்தூரிக்குத் துணையாக சென்னையில் ஒரு காது ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வடக்குப்பட்டுப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற லைனில் வேலை. சின்ன வயசிலிருந்தே இரண்டு காதிலும் சீழ். காதுக்குள் மெஷின் மாட்டினால் சீழ் இன்னும் அதிகமாகும். என்னதான் செய்வாள்?

"உள்காது நல்லாத்தான் இருக்கு. சத்தம் உள்ளே போற வழியிலதான் கோளாறு. எலும்பு வழியா அனுப்பிடலாம்" என்று முன்பே சொல்லியிருந்தார் அங்கே டாக்டரம்மா.

ஒரு டிரஸ்ட் உதவி செய்தது. காதுக்குப் பின்னால், மண்டை எலும்பில், குட்டியாக ஒரு டைட்டானியம் ஸ்க்ரூ. அதன்மேல்தான் பிறகு கேட்கிற மெஷினை மாட்டுவார்களாம். மூன்று மாதத்தில் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால்? கஸ்தூரி அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவே இல்லை. "எலும்பு புடிச்சிக்கிச்சாக்கா?" — தினமும் இதே கேள்வி.

பிடித்திருந்தது! வியாழக்கிழமை டாக்டரம்மா தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

எலும்பு எப்படிக் கேட்கும்? என் முகத்திலேயே சந்தேகம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சின்னக் குச்சியில் அந்த மெஷினைப் பொருத்தி, "காதை அடைச்சிக்கிட்டு இதைக் கடிங்க" என்றார். கடித்தேன்.

"வணக்கம்மா!"

அவர் குரல் என் தலைக்கு உள்ளேயிருந்து வந்தது! உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை வயசுக்கு என் மண்டைக்குள் இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாதே...

அப்புறம் அதை கஸ்தூரியின் ஸ்க்ரூவில் மாட்டினார்கள். ஷிப்ட் முடித்து ஓடிவந்திருந்த அவள் புருஷன் முருகேசன் — திருநெல்வேலிக்காரர் — பக்கத்தில் நின்றபடியே கத்தினார்.

"கஸ்தூரீ... கேக்கா?"

அவள் துள்ளிவிட்டாள். "ஐயே, இன்னாத்துக்குய்யா இப்டி கூவுற?"

பாவம், ஆறு வருஷப் பழக்கம். 'சோறு ஆயிட்டா?' என்பதைக்கூட அவர் கத்தித்தான் கேட்பார். தினமும் சண்டை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

முருகேசன் குனிந்து ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. பொலபொலவென்று கண்ணீர்.

"இன்னாம்மா சொன்னாரு?" என்றேன்.

"பேர்தான்க்கா சொன்னாரு... இவர் கொரலு இவ்ளோ மெத்துனு இருக்குமா?"



ஒரு வாரம் ஆகிறது. அந்த வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எங்கள் தெருவில் யாருக்குமே தெரியவில்லை!