நைட் ஷிப்ட் வாரத்தில் வந்த அப்டேட்

அப்டேட் ஆன நாளிலிருந்து எங்கள் டேப்லெட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சல். இருந்தது எதுவும் இருந்த இடத்தில் இல்லை. யார் கேட்டார்கள் இதையெல்லாம்?

என் கணவருக்கு மைன்ஸில் வேலை. அவருக்கு நைட் ஷிப்ட் வரும் வாரம், பகலில் எங்கள் குவார்ட்டர்ஸில் குக்கர்கூட விசில் அடிக்கக் கூடாது. விழித்திருந்தால் அவர் கத்துவார். தூங்கினால் நான் மூச்சு விடக்கூடாது. அதனால் சென்னையில் வேலை பார்க்கும் மகளிடம், காதில் ப்ளூடூத் மாட்டிக்கொண்டு குசுகுசுவென்றுதான் பேசுவேன்.

அன்று காலை அவர் வந்து படுத்ததும் மகள் வீடியோ காலில் வந்தாள். வழக்கம்போல ப்ளூடூத்தை மாட்டிக்கொண்டு எடுத்தேன். அப்டேட் அந்த இணைப்பையே அறுத்துவிட்டது எனக்கு எப்படித் தெரியும்?

“அம்மா, அந்த ஆளு தூங்கிடுச்சா? நீ கிளம்பி இங்க வந்துடும்மா, அது தனியா கெடக்கட்டும்.”

டேப்லெட் வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது. பதறிப்போய் எதை எதையோ அழுத்தினேன்.

உள்ளறையிலிருந்து அவர் குரல் வந்தது. கத்தவில்லை.

“முழிச்சிக்கினுதான் இருக்குதுன்னு சொல்லு.”

அப்பாவை அப்படிச் சொல்லாதே என்று மகளை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. அவள் அந்தப் பேச்சைக் கற்றதே என்னிடம்தான்.

ப்ளூடூத்தை மறுநாளே சரிசெய்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். இப்போதெல்லாம் நைட் ஷிப்ட் முடிந்து வந்தால், அறைக்கதவைத் திறந்துபோட்டுத்தான் படுக்கிறார். தூங்குகிறாரா என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.